தலைவர் இல்லாத முதல் ஆண்டு

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை போய், அங்கிருந்து வடக்கே கோவளம், தெற்கே சதுரங்கப்பட்டினம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு சேவை அமைப்பின் பெயர்ப்பலகை கண்ணில் படும். நற்பணி மன்றம், இளைஞர் நல மன்றம், இரத்த தானக் குழு, ரோட்டரி, லயன்ஸ். பலகையில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். ஆனாலும் இவற்றில் பலவற்றில் வேலை முழுவதும் ஒருவர் தோளில்தான் நிற்கிறது. இரத்தம் வேண்டுமென்றால் மருத்துவமனையிலிருந்து அவருக்குத்தான் அழைப்பு வரும். நோட்டுப் புத்தகம் எத்தனை தேவை என்று பள்ளித் தலைமையாசிரியர் அவரிடம்தான் சொல்வார். புயல் எச்சரிக்கை வந்தால் எந்தத் தெருவை முதலில் காலி செய்ய வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். மன்ற அறையின் சாவியும் அவர் வீட்டில்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் இறந்துபோகிறார். அதன்பின் வரும் ஓராண்டைப் பற்றியது இந்த அத்தியாயம்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியிலேயே "அடுத்து யாருப்பா?" என்ற பேச்சு தொடங்கிவிடும். அதைக் குறைந்தது ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். அந்த வாரம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவர் இருந்திருந்தால் வரும் ஏழு நாட்களில் என்னென்ன செய்திருப்பார்? அந்த வேலைகளுக்கு ஆள் பிரிப்பதுதான் முதல் கடமை. பதவி காலியாகக் கிடந்தால் யாருக்கும் நட்டமில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் கிடைக்காமல் போனால் அது உயிர் விஷயம்.

வீடும் தொலைபேசியும்

காரியம் முடியும்வரை அந்த வீட்டுக்கு மன்றத்தின் வேலையாக யாரும் போகக் கூடாது. துக்கம் கேட்கப் போகலாம், சமையலுக்கு உதவலாம், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாம். ரசீது புத்தகம், கணக்கு நோட்டு, ஒலிபெருக்கி, மடக்கு நாற்காலி எதையும் கேட்கக் கூடாது. கணவரை இழந்த பெண்ணிடம் ஐந்தாம் நாளில் போய் "மன்றத்து பீரோ சாவி எங்கம்மா?" என்று கேட்டுவிட்டால், அந்தக் குடும்பம் அதைப் பல ஆண்டுகள் மறக்காது. மறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

காத்திருக்க முடியாதது ஒன்று உண்டு. அவருடைய தொலைபேசி. அவர் இறந்த செய்தி தெரியாதவர்கள் அதற்கு அழைத்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் எடுத்து, "அவர் இல்லீங்க" என்று ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கொடுமையிலிருந்து அவர்களைக் காப்பாற்றுங்கள். குடும்பத்துக்கு நெருங்கிய உறுப்பினர் ஒருவர், மைத்துனரையோ மகனையோ தனியாக அழைத்து, சேவை தொடர்பான அழைப்புகளை வேறொரு எண்ணுக்குத் திருப்பிவிடக் கேட்கலாம். அதே நாளில் மருத்துவமனை இரத்த வங்கிக்கும், பள்ளிகளுக்கும், கிராம நிர்வாக அலுவலருக்கும் இரண்டு பெயர், இரண்டு எண் கொண்ட குறுஞ்செய்தி போக வேண்டும். ஒரே எண்ணைக் கொடுத்தால் பழைய கதை திரும்பவும் தொடங்கிவிடும்.

சிம் கார்டைச் சில மாதங்களுக்கு ரத்து செய்ய வேண்டாம் என்று குடும்பத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். தொடர்ந்து பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண் 90 நாட்களுக்குப் பிறகு துண்டிக்கப்படலாம் என்பதால், ரீசார்ஜ் செலவை மன்றம் ஏற்பதே முறை. ஆனால் அந்த எண்ணுக்கு வரும் ஓடிபியைக் கொண்டு மன்றப் பணத்தை ஒரு ரூபாய்கூட நகர்த்தாதீர்கள். அவர் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்திருந்த காசோலைகள் இருந்தால் அவற்றையும் பயன்படுத்தாதீர்கள். அவசரம் என்று தொடங்கும் இந்த வழிதான் பின்னால் "அவர் செத்ததும் பணத்தை எடுத்துட்டாங்க" என்ற பேச்சில் போய் முடியும். வாட்ஸ்அப் குழுவுக்கு அவர் மட்டுமே நிர்வாகியாக இருந்திருந்தால் புதிய குழுவைத் தொடங்கிவிடுங்கள். பழைய குழு அப்படியே இருக்கட்டும். அவர் அனுப்பிய படங்களும் குரல் செய்திகளும் அதில் இருக்கின்றன.

காரியம் முடிந்த பிறகு பணக் கணக்கு. நம் ஊர் மன்றங்களில் தலைவரின் சட்டைப்பைக்கும் மன்றத்தின் பெட்டிக்கும் நடுவே சுவர் மெல்லியதாகவே இருக்கும். பந்தல்காரருக்கு அவர் தன் பணத்தைக் கொடுத்திருப்பார். மன்றத்துக்கு வந்த நன்கொடை அவர் கையில் ரொக்கமாக இருந்திருக்கும். மைக்செட், சமையல், ஃபிளெக்ஸ் அச்சகம் என்று அவர் பெயரைச் சொல்லிக் கடன் சொல்லி வைத்த இடங்களும் இருக்கும். இரண்டு உறுப்பினர்கள் சேர்ந்து போய், குடும்பத்தில் இருவர் முன்னிலையில் எழுதி முடியுங்கள். எந்தப் பக்கம் பாக்கி என்று தெளிவாகாத தொகை இருந்தால் குடும்பத்தின் பக்கம் விட்டுக்கொடுங்கள். சில ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றப் போய் ஒரு நல்ல மனிதரின் பெயரைச் சந்தேகத்தில் விடுவது எந்தச் சேவை அமைப்புக்கும் அழகில்லை.

ஒரு நோட்டும் ஒரு மாலையும்

இனி, அவர் செய்துவந்த வேலைகளின் பட்டியல். தீவிரமாக வேலை செய்யும் ஏழெட்டுப் பேர் ஒரு மாலை உட்காருங்கள். ஒருவர் நோட்டில் எழுதட்டும். "அண்ணன் என்னென்ன பண்ணுவார்?" என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதல் அரைமணி நேரம் பாராட்டாகவே வரும். "எல்லாத்தையும் பார்த்துப்பார்", "யார் கூப்பிட்டாலும் போவார்." அது வரட்டும், அந்தத் துக்கத்துக்கும் இடம் வேண்டும். பிறகு மெல்லக் கேளுங்கள்: போன செவ்வாய்க்கிழமை என்ன செய்தார்? யாரைப் பார்த்தார்? யாருக்கு என்ன சொல்லி வைத்திருந்தார்?

இரத்த தானத்தையே எடுத்துக்கொள்வோம். கொடையாளர் பட்டியல் பல மன்றங்களில் எழுத்தில் இருக்கும். ஆனால் யார் கடைசியாக எப்போது கொடுத்தார் என்பது தலைவரின் நினைவில் மட்டுமே இருக்கும். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். நள்ளிரவில் அழைப்பு வரும்போது, தேதி தெரியாத பட்டியலை வைத்துக்கொண்டு இருபது பேரை எழுப்ப வேண்டிவரும். ஒவ்வொரு கொடையாளரையும் அழைத்துத் தேதி கேட்டு எழுதுங்கள். இரண்டு மாலை வேலைதான். அந்த அழைப்பே, மன்றம் நின்றுவிடவில்லை என்ற செய்தியையும் ஊருக்குக் கொண்டு போகும்.

இதைவிடக் கவனமாகத் தேட வேண்டியவை, தலைவர் கைபிடித்து நடத்திக்கொண்டிருந்த தனிமனிதர்களின் மனுக்கள். இந்த மாவட்டத்தில் இருளர் குடியிருப்புகள் பல. பழங்குடியினர் சாதிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர வேண்டும். வீட்டுமனைப் பட்டாவுக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். சான்றிதழ் இல்லாவிட்டால் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கையும் உதவித்தொகையும் தள்ளிப்போகும். தலைவர் பத்துக் குடும்பங்களின் மனுக்களை எடுத்துக்கொண்டு அலைந்திருப்பார். விண்ணப்ப எண், எந்த மேசையில் நிற்கிறது, எந்த ஆவணம் இன்னும் தர வேண்டும் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது. அந்தக் குடும்பங்கள் தாமாக வந்து கேட்க மாட்டார்கள். "அவரே போயிட்டாரு, இனிமே யாரு பாப்பாங்க" என்று ஒதுங்கிவிடுவார்கள். எனவே நீங்கள்தான் வீடு வீடாகப் போக வேண்டும். ஒப்புகைச் சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாசி மகத்தன்று பல ஊர்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகின்றன. வெவ்வேறு இடங்களுக்கு வேலைக்குப் போய்விட்டவர்களையும் அங்கே பார்க்க முடியும்.

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். ஒருவருக்கே நான்கு வேலைக்கு மேல் போனால் நிறுத்திவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.

தலைவர் தேர்வு முடியும்முன் வேலையைப் பிரித்துவிட முடியுமா என்று கேட்பவர்களுக்கு 1915-ஆம் ஆண்டைச் சொல்கிறேன். கோபால கிருஷ்ண கோகலே 1905-இல் புனேயில் தொடங்கிய இந்திய ஊழியர் சங்கம், வாழ்நாள் முழுவதும் பொதுப்பணிக்கு என்று உறுதியெடுத்தவர்களின் சிறிய அமைப்பு. சங்கம் என்றால் கோகலே, கோகலே என்றால் சங்கம். அவர் 1915 பிப்ரவரி 19 அன்று 48 வயதில் இறந்தார். அடுத்து என்ன என்பதில் உறுப்பினர்களுக்குள் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. அப்படியிருந்தும், இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், ஏப்ரலில் ஹரித்துவாரில் நடந்த கும்பமேளாவுக்கு அந்தச் சங்கம் ஒரு பெரிய தொண்டர் படையை அனுப்பியது. இளைஞரான ஹிருதயநாத் குன்ஸ்ரு அதற்குத் தலைமை தாங்கினார். மருத்துவப் பொறுப்பை டாக்டர் தேவ் ஏற்றார். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிச் சில மாதமே ஆகியிருந்த காந்தியும், அங்கே தான் நடத்திய பீனிக்ஸ் குடியிருப்பின் ஆட்களோடு கும்பமேளாவில் உதவப் போனார். யாத்ரீகர்களுக்கான கழிப்பிடக் குழிகளை மண் போட்டு மூடும் வேலையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். துக்கமும் கருத்து வேறுபாடும் அப்படியே இருக்க, லட்சக்கணக்கானோர் கூடிய இடத்தில் வேலை நடந்தது. உங்கள் மன்றத்தின் அடுத்த கண் மருத்துவ முகாமைத் தேதி மாற்றாமல் நடத்த அதில் பத்தில் ஒரு பங்கு உறுதி போதும்.

காகித வேலை

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மன்றம் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது என்றால், நிர்வாகக் குழுவில் ஏற்படும் மாற்றத்தை மூன்று மாதத்துக்குள் படிவம் 7-இல் மாவட்டப் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும். குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது. ஒரு குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பல மன்றங்களில் தலைவர் இறந்த பிறகு கோப்பைத் திறந்தால்தான், பல ஆண்டுகளாகத் தேர்தலே நடக்கவில்லை, ஆண்டறிக்கையும் தாக்கல் ஆகவில்லை என்பது தெரியவரும். பதற வேண்டாம். தணிக்கையாளர் ஒருவரைப் பிடித்துப் பழைய பாக்கிகளை வரிசையாக முடியுங்கள். மறைந்த தலைவரின் பெயருக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை என்பதைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வங்கிக்குப் போகும்போது இறப்புச் சான்றிதழின் நகல், குழுத் தீர்மானத்தின் நகல், புதிதாகக் கையெழுத்திடுபவர்களின் ஆதார், பான் நகல்கள் வேண்டும். மூவரில் எவரேனும் இருவர் கையெழுத்து என்று மாற்றிக்கொள்ளுங்கள். வருமான வரி இணையதளத்தில் மன்றத்தின் கணக்கு மறைந்தவரின் எண்ணோடும் மின்னஞ்சலோடும் இணைந்திருக்கும். அதையும் அதே வாரத்தில் மாற்ற விண்ணப்பியுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

ரோட்டரி, லயன்ஸ் அமைப்புகளுக்கு இது எளிது. அடுத்த ஆண்டுத் தலைவரும் துணைத் தலைவர்களும் முன்பே இருக்கிறார்கள், விதிகள் பேசிக்கொள்ளும். ஊர் மன்றங்களுக்குத்தான் சிக்கல். நான்கு வகையானவர்கள் முன்னே வருவார்கள், அல்லது முன்னே தள்ளப்படுவார்கள்: மறைந்தவரின் மகனோ தம்பியோ, நிறையப் பணம் கொடுத்தவர், கட்சியில் பொறுப்பில் இருப்பவர், எல்லோருக்கும் பிடித்த பேச்சாளர். இவர்களில் எவரும் தகுதியற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு மாதத்தில் நோட்டில் இருந்த வேலைகளை யார் செய்தார் என்று பாருங்கள். பலமுறை அது இந்த நால்வரில் ஒருவராக இருக்காது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு செவிலியரோ, ஆட்டோ ஓட்டுநரோ, சிற்பக்கூடத்தில் வேலை செய்யும் இளைஞரோ ஆக இருப்பார். பெண் உறுப்பினர்களைத் துணைத் தலைவர் பதவியோடு நிறுத்திவிடும் பழக்கத்தையும் இந்த நேரத்திலாவது விட்டுவிட வேண்டும். மகளிர் குழுக்களை நடத்திப் பழகிய பெண்கள், கணக்கிலும் கூட்டம் நடத்துவதிலும் நம் ஆண்களைவிடத் தேர்ந்தவர்கள்.

குடும்பத்தார் வரலாமா? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியபோது, அவருடைய தங்கையும் தங்கையின் கணவரும் மற்ற உடன்பிறந்தவர்களும் உடன் நின்றார்கள். அவர் 2006 ஜூலை 7 அன்று இறந்தபோது அவர்கள் முப்பது ஆண்டு வேலை செய்து பழகியிருந்தார்கள். மருத்துவமனை நிற்கவில்லை. அங்கே பொறுப்பைத் தொடர வைத்தது அந்த முப்பது ஆண்டு உழைப்பு. உங்கள் தலைவரின் மகள் முகாம்களுக்கெல்லாம் வந்து பெயர் எழுதியவள் என்றால் தாராளமாக முன்னே வரட்டும். இதுவரை மன்றத்துப் பக்கமே வராத மகனை, தந்தை மீதுள்ள பாசத்துக்காக மேடையில் ஏற்றினால் அவனுக்கும் சுமை, மன்றத்துக்கும் சுமை.

இரண்டு பேர் போட்டியிடும் நிலை வந்தால் என்ன செய்வது? திரும்பவும் 1915-க்குப் போகிறேன். காந்தி தன் சங்கத்தில் சேர வேண்டும் என்பது கோகலேயின் விருப்பம். கோகலே இறந்ததும் காந்தி புனேக்குப் போய், சேர விரும்புவதாகச் சொன்னார். உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். காந்தியின் வழிமுறைகள் சங்கத்தின் போக்குக்கு ஒத்துவராது, அவர் வந்தால் சங்கம் வேறொன்றாக மாறிவிடும் என்று ஒரு சாரார் அஞ்சினார்கள். அவர்களும் காந்தியின் மேல் அன்பு கொண்டவர்களே. தன்னால் வாக்கெடுப்பும் பிளவும் வேண்டாம் என்று காந்தி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சங்கத்தின் தலைமை வலங்கைமானில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியிடம் வந்தது. 1927 வரை அவர் அதை நடத்தினார். காந்திக்கும் அவருக்கும் அரசியலில் ஆழமான வேறுபாடு இருந்தும் நட்பு கடைசிவரை கெடவில்லை.

விலகிக்கொள்ளும் அந்தப் பெருந்தன்மையை நாம் யாரிடமும் கேட்டு வாங்க முடியாது. மூத்தவர்கள் சேர்ந்து ஒருவரை மிரட்டி விலகச் செய்து, "போட்டியின்றித் தேர்வு" என்று பலகை வைப்பது அதற்கு நேர் எதிரானது. அப்படி நடந்தால் ஆறு மாதத்தில் ஊரில் இரண்டு மன்றம் இருக்கும். யாரும் மனமுவந்து விலகவில்லை என்றால் ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். பொதுக்குழுவுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உங்கள் விதிமுறையில் பார்த்து, அதன்படி கடிதம் அனுப்புங்கள். தோற்றவருக்கு அன்றே, அதே கூட்டத்தில், ஒரு முழுப் பொறுப்பைக் கொடுங்கள்.

கடலோரத்தின் காலக்கணக்கு

இந்தப் பகுதி மன்றங்களுக்கு ஒரு தனிக் கெடு உண்டு. அக்டோபர். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலும், 2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயலும் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் இங்கே கரையைக் கடக்காமலேயே மாவட்டத்தின் வடபகுதியை வெள்ளத்தில் தள்ளியது. எனவே தலைவர் எந்த மாதத்தில் இறந்திருந்தாலும், செப்டம்பர் முடிவதற்குள் புயல் வேலைக்கான பொறுப்பாளர்கள் முடிவாகியிருக்க வேண்டும். பள்ளிக் கட்டடத்தின் சாவி யாரிடம், டிராக்டர் யாரிடம், ஜெனரேட்டர் யாரிடம், படுக்கையில் கிடக்கும் முதியவர்கள் எந்தெந்த வீட்டில், பேறுகாலப் பெண்கள் யார் யார் என்பதை எழுதி மூன்று பேரிடம் வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். மழைக்கு முன் ஒரு நாள், ஊரின் வயதானவர் ஒருவரோடு தெருத் தெருவாக நடந்து, முதலில் எங்கே தண்ணீர் ஏறும் என்று கேளுங்கள். மறைந்தவர் மனதில் இருந்த வரைபடத்தை மீட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

மீனவர் குப்பங்களுக்குப் புதிய ஆள் நேராகப் போய் வேலையைத் தொடங்கக் கூடாது. தேவனேரியோ, பட்டிபுலமோ, கொக்கிலமேடோ, ஊர்ப் பஞ்சாயத்தாரை முதலில் போய்ப் பார்க்க வேண்டும். பழைய தலைவரோடு அங்கே போய்வந்த மூத்த உறுப்பினர் ஒருவர் உடன் வந்து, "இனிமே இவங்கதான் வருவாங்க" என்று சொல்லட்டும். சுனாமிக்குப் பிறகு எத்தனையோ அமைப்புகள் வந்து போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். முகம் பழகாமல் நம்ப மாட்டார்கள், அதில் தவறும் இல்லை.

இதே கடற்கரையில், ஒவ்வோர் ஆண்டும் தலைவர்களை இழந்தும் நிற்காத ஓர் அமைப்பு இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவுகளில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடும். நாய்களிடமிருந்தும் முட்டை எடுப்பவர்களிடமிருந்தும் அவற்றைக் காக்கும் வேலை, 1970களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேக்கர், சதீஷ் பாஸ்கர் போன்ற சிலர் சென்னையிலிருந்து தெற்கே மணலில் நடந்ததில் தொடங்கியது. பின்னர் கோவளத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் குஞ்சு பொரிப்பகம் நடத்தியது. வனத்துறையும் சில ஆண்டுகள் நடத்தியது. 1988-இல் மாணவர்கள் அந்தப் பணியை எடுத்துக்கொண்டு, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த முதல் மாணவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று கடலாமை ஆய்வில் உலகறிந்த பெயர்.

மாணவர் அமைப்பு என்றால் என்ன பொருள்? நன்றாகத் தேறிய ஒருங்கிணைப்பாளர் படிப்பை முடித்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். அடுத்த பருவத்துக்கு வேறொருவர் வேண்டும். அப்படியிருந்தும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை அந்த நடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்கிறது. அங்கே தெரிந்துகொள்ள வேண்டியது எளிது. நடக்க வேண்டிய வழி மாறாது. ஆமையின் தடத்தைக் கண்டால் என்ன செய்வது, குழியை எப்படித் தேடுவது, நூறுக்கு மேல் இருக்கும் முட்டைகளை எப்படி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பது என்பதை முதல் நாள் வந்த மாணவருக்கும் பக்கத்தில் நடப்பவர் சொல்லித் தருவார். எங்கே, எத்தனை மணிக்கு, எத்தனை முட்டை என்பது பதிவாகும். 45 முதல் 60 நாட்களில் குஞ்சு வெளிவரும்போது, அந்த முட்டைகளைக் கண்டெடுத்தவர் ஊரிலேயே இல்லாமல் போகலாம். ஆனாலும் பதிவைப் பார்த்துக் காத்திருக்க வேறொருவர் இருப்பார். உங்கள் மன்றத்தின் ஒவ்வொரு வேலைக்கும் இப்படி ஒரு வழித்தடமும் ஒரு பதிவும் உண்டா என்று பாருங்கள்.

நினைவாக என்ன செய்வது

முப்பதாம் நாள் நெருங்கும்போது சிலை, நினைவு வளைவு, பெரிய ஃபிளெக்ஸ் என்று பேச்சு வரும். அன்பில் எழும் பேச்சுதான், அதைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் பணம் வேலைக்குப் போகும்படி திருப்பிவிடுங்கள். ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸ் 1947 ஜனவரி 27 அன்று இறந்தார். மலர்களுக்குப் பதில் ரோட்டரி அறக்கட்டளைக்குக் கொடுங்கள் என்பது அவர் விருப்பம். அடுத்த ஒன்றரை ஆண்டில் சுமார் 13 லட்சம் டாலர் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1947–48-இல் 18 மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க உதவித்தொகை பெற்றார்கள். உங்கள் தலைவரின் பெயரில் ஒரு மாணவிக்கு மூன்றாண்டுக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடிந்தால், சிமென்ட் வளைவைவிட அது அவருக்கு நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது. குடும்பத்தைக் கேட்டுச் செய்யுங்கள். அந்த மாணவி கல்லூரியில் சேரும் நாளில் அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள்.

பால் ஹாரிஸைப் பற்றி இன்னொன்று. 1905-இல் சிகாகோவில் அவர் கூட்டிய முதல் சங்கத்துக்கு முதல் தலைவர் அவர் அல்ல, அவருடைய நண்பர் சில்வெஸ்டர் ஷீல். தொடங்கியவரே தலைவராக இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் அங்கே முதல் நாளிலேயே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1 அன்று தலைவர் மாறிவிடுவார்.

புதிதாக வந்தவருக்கு

"அண்ணன் இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது." இதை நீங்கள் ஆண்டு முழுவதும் கேட்பீர்கள். முகாமில் சாப்பாடு குறைந்தால், அதிகாரி வராவிட்டால், மழை பெய்தால்கூட. பதில் வாதம் செய்யாதீர்கள். "ஆமாண்ணே, அவர் எப்படிப் பண்ணுவார்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று சொல்லி உண்மையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சொல்பவரில் பாதிப் பேர் துக்கத்தில் சொல்கிறார்கள், அவர்களுக்குக் கேட்க ஒரு காது போதும். மீதிப் பேர் சொல்வதில் உங்களுக்குத் தெரியாத ஒரு நடைமுறை இருக்கும். மறைந்தவரைப் போலப் பேச முயலாதீர்கள். அவருக்கு மேடை வசப்பட்டிருக்கலாம், உங்களுக்கு மூன்று பேரோடு உட்கார்ந்து பேசுவது வசப்படலாம்.

முதல் ஆண்டில் புதிய திட்டம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். பழைய வேலைகளில் எதை நிறுத்துவது என்பதையும் ஆண்டு முடிவில்தான் முடிவு செய்ய வேண்டும். நடுவில் நிறுத்தினால், வேலை சரியில்லாததால் நிறுத்தினீர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவரை மறந்துவிட்டீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

முதலாண்டு நினைவு நாளுக்குள் ஒரு முகாமைத் துணைத் தலைவர் தனியே நடத்தட்டும். நீங்கள் அன்று வெளியூர் போய்விடுங்கள். மருத்துவக் குழுவுக்கு வண்டி அனுப்புவதிலிருந்து, வந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்து நாற்காலிகளைத் திருப்பி அனுப்புவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. திரும்பி வந்ததும் இருவரும் உட்கார்ந்து, எந்தெந்த இடத்தில் அவர் உங்களைத் தேடினார் என்பதை மட்டும் எழுதுங்கள். சாமியானாக்காரர் எண்ணாக இருக்கலாம், தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்கும் முறையாக இருக்கலாம். அந்த விவரங்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்குள் மன்றத்தின் நோட்டில் ஏறியிருக்க வேண்டும்.